பதினோரு சிலிண்டர்களும் ஒரு சோபாவும்

முத்திரை இப்போது கட்டிலில்தான் படுக்கிறார். மற்றவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. ஆனால் ஒன்பது மாதம் கூடத்துச் சோபாவில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தவருக்கு, அதுவும் கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி விழித்திருக்கிறாள் என்று தெரிந்தே கிடந்தவருக்கு, இது சின்ன விஷயமா?

வயது நாற்பத்தொன்று. சிலிண்டர்களைச் சோதிக்கும் ஒரு பட்டறையில் பதினேழு வருடமாக வேலை. ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறுகிற ஒருவரின் தலைமாட்டில் நிற்கும் ஆக்சிஜன் சிலிண்டர் வெடிக்காது என்று யாராவது உறுதி சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அந்த யாராவது இவர்தான். சோதித்து முடித்ததும் சிலிண்டரின் தோளில் உளியை வைத்துச் சுத்தியலால் மாதமும் வருடமும் பதிப்பார். மூன்று அடி, சத்தம் தெருமுனை வரை கேட்கும். அதனால்தான் அந்தப் பெயர். மனைவியே கோபம் வந்தால் "மிஸ்டர் முத்திரை" என்றுதான் கூப்பிடுவாள்.

சோதனை முறை எளிது. சிலிண்டரில் தண்ணீரை நிரப்பி, தண்ணீர் நிறைந்த ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். பிறகு பம்பினால் உள்ளே அழுத்தம் ஏற்றுவார்கள், வழக்கமாக அது தாங்க வேண்டியதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலே. இரும்பு மயிரிழை அளவு உப்பும். உப்பிய அளவுக்குத் தொட்டித் தண்ணீர் ஒரு கண்ணாடிக் குழாயில் ஏறும். அழுத்தத்தை விட்டதும் அது பழைய இடத்துக்கு இறங்கிவிட்டால் சிலிண்டர் நல்லது. இறங்காமல் நின்றால் கழித்துவிட வேண்டியது.

இதில் ஒரு விதி இருக்கிறது. ஒரு சிலிண்டருக்கு ஒரு சோதனை. ஒருமுறை அந்த அழுத்தத்தைப் பார்த்துவிட்ட இரும்பு அதற்கு ஏற்ப அமைந்துவிடும். உடனே இரண்டாவது முறை அதே அழுத்தத்தைக் கொடுத்தால், கெட்டுப்போன சிலிண்டர்கூட நல்ல பிள்ளைபோல நடிக்கும். முதல் சோதனை சிலிண்டரைப் பற்றிச் சொல்லும். இரண்டாவது எதையும் சொல்லாது. பம்ப் பழுது, அழுத்தம் காட்டும் கேஜ் பழுது என்று ஏதாவது இருந்தால் மட்டுமே மறுபடி செய்யலாம். அப்போதும் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டி, பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும்.

பதினேழு வருடத்தில் முத்திரை எதையும் காரணமின்றி மறுபடி சோதித்ததில்லை. தன்னையே மறுபடி மறுபடி சோதிக்கத் தொடங்கும்வரை.

இரண்டு வருடத்துக்கு முன் அவரும் மனைவியும் பிரிந்திருந்தார்கள். என்ன சண்டை என்று கேட்டால் இருவரும் இரண்டு கதை சொல்வார்கள். இரண்டிலும் மாமியார் வருவார். ஜன்னல் திரைகள் தைப்பது மனைவியின் தொழில். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த வருடம் புது பம்ப் ஓட்டக் கற்றுக்கொள்ள முத்திரை நான்கு நாள் வெளியூர் போனார். அங்கே கேஜ் விற்கும் நிறுவனத்திலிருந்து வந்த ஒரு பெண். நல்ல பேச்சு, நல்ல சிரிப்பு, ஒரு மாலை. அவ்வளவுதான்.

திரும்பி வந்து பல மாதம் கழித்து, மனைவியோடு மறுபடி பேச்சு ஒட்டியபோது, இதை மறைக்காமல் சொன்னார். மனைவி இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் எடுத்தாள்.

"டெஸ்ட் எடுத்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

அந்த மாலைக்கும் அந்தச் சோதனைக்கும் நடுவே ஐந்து மாதம் ஓடியிருந்தது. மூன்று மாதம் தாண்டி எடுத்த எச்ஐவி சோதனையில் இல்லை என்று வந்தால் இல்லை என்றுதான் பொருள். மனைவி தாளை வாங்கிப் படித்தாள், மடித்தாள், இரண்டு பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தாள். தாளை அலமாரியில் அளவு நாடாவுக்கு அடியில் வைத்தாள். அவளுக்கு விஷயம் அன்றே முடிந்தது.

இவருக்கு அன்றுதான் ஆரம்பித்தது. சோதனை செய்த டாக்டர், தாளைக் கையில் கொடுத்தபடியே, "இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க. தப்புப் பண்ணா பயம் இருக்கத்தான் செய்யும்" என்று ஒரு பிரசங்கம் செய்து அனுப்பியிருந்தார். ரத்தத்தைப் பார்க்கச் சொன்னால் நடத்தையைப் பார்க்கிற டாக்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊசியும் வேண்டும், உபதேச மேடையும் வேண்டும். கிருமிக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. அது யாரையும் தண்டிக்க வருவதில்லை, யாரையும் மன்னித்து விடுவதுமில்லை. இவ்வளவு சின்ன உண்மையைப் படித்த மனிதர் ஒருவர் நோயாளியிடம் சொல்லியிருந்தால் ஒரு குடும்பத்தின் ஒன்பது மாதம் மிஞ்சியிருக்கும். அவர் "தப்பிச்சிட்டீங்க" என்றார். தப்பித்தவனைத் துரத்துபவன் பின்னால் வந்துகொண்டுதானே இருப்பான்?

முத்திரைக்குத் தொண்டை கரகரத்தால் பயம். வியர்த்தால் பயம். கை தானாகக் கழுத்துக்குப் போய் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவும். தடவித் தடவியே அந்த இடம் வீங்கும். வீங்கியதைப் பார்த்து இன்னொரு சோதனை. இல்லை என்று வரும். இரண்டு வாரம் நிம்மதி. பிறகு, மெஷின் சரியில்லாமல் இருந்திருக்குமோ, ரத்தக் குப்பி மாறியிருக்குமோ, ஆயிரத்தில் ஒருவர் என்று எங்கோ படித்தோமே, அது நாமோ. ஆறு முறை, ஆறு வேறு வேறு இடம். தனி டவல், தனி டம்ளர், தனிச் சோப்பு. முதுகுவலி என்று சொல்லிச் சோபா.

மனைவிக்கு அந்த ஆறு தாளில் முதல் தாள் மட்டும்தான் தெரியும். அவள் கண்ணுக்குத் தெரிந்தது, ஆசையாகத் திரும்பி வந்த வீட்டில் தன்னைத் தொடாத ஒரு புருஷன்.

ஒரு திங்கட்கிழமை காலை, திரைத்துணிக்கு வளையம் கோர்த்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா அவ கடைக்குக் கூப்பிடுறா. பெரிய ஆர்டராம், ஒரு ஓட்டல் முழுக்கத் திரை. மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்."

"எத்தனை நாள் வேலை?"

"வேலை நாற்பது நாள்." ஒரு வளையத்தைக் கோர்த்தாள். "திரும்பி வரதுக்கு எனக்கு ஒரு காரணம் வேணும்ல? சோபாவைப் பார்க்கறதுக்கா வருவேன்?"

முத்திரை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அந்த வாரத்தில்தான் வருடாந்தரத் தணிக்கை. தணிக்கை அதிகாரி, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு தேடும் ஓர் அம்மாள், பதிவேட்டை வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார்.

"இந்த நம்பர் ரெண்டு தடவை இருக்கு."

முதலாளி எட்டிப் பார்த்தார். "கை தவறியிருக்கும் மேடம்."

"இதுவும் ரெண்டு தடவை. இதுவும். மொத்தம் பதினொண்ணு. எல்லாம் கடைசி மூணு மாசத்துல. பம்ப்புல ஏதாவது கோளாறா?"

"இல்ல மேடம்" என்றார் முத்திரை.

"கேஜ்?"

"சரியாத்தான் இருக்கு."

"அப்போ எதுக்கு அதே அழுத்தத்துல மறுபடி போட்டீங்க? ரெண்டாவது அளவு எதுக்குமே உதவாதுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? உங்க கையெழுத்து பதினேழு வருஷமா இந்தப் பதிவேட்டுல இருக்கு."

முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு, "பம்ப் கொஞ்சம் மக்கர் பண்ணிச்சுன்னு எழுதிடுப்பா" என்று முணுமுணுத்தார்.

'காரணம்' என்று அச்சடித்த கட்டத்துக்கு நேராக அதிகாரி பேனாவை நீட்டினார். முத்திரை வாங்கிக்கொண்டார். பம்பின் மேல் பழி போட அவருக்கு மனம் வரவில்லை. பாவம், அது ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆள். கடைசியில் எழுதினார்: 'கருவியில் குறை இல்லை. சிலிண்டரில் குறை இல்லை. சோதித்தவருக்கு நம்பிக்கை வரவில்லை.'

அதிகாரி கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் படித்தார். மறுபடி படித்தார்.

"இருபது வருஷத்துல இப்படி ஒரு காரணம் நான் பார்த்ததில்ல" என்றவர், சிவப்பு மையால் பதினோரு இரண்டாவது வரிகளையும் அடித்தார். "முதல் வரி நிற்கும். எல்லா சிலிண்டரும் நல்லதுதான். நீங்க போய் ரெண்டு நாள் லீவு போட்டுத் தூங்குங்க."

லீவு போட்டார். தூங்கவில்லை. மறுநாள் காலை ஏழாவது சோதனைக்குப் போய் வரிசையில் நின்றார்.

இந்த முறை அரசு நடத்தும் சின்ன மையம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, காய்ந்த பூந்தொட்டி ஒன்று. மேசைக்குப் பின்னால் இருந்த ஆலோசகருக்கு முப்பது வயது இருக்கும். அவர் கேட்காமலேயே முத்திரை, அலமாரியிலிருந்து எடுத்து வந்த முதல் தாளோடு சேர்த்து, ஆறு தாளையும் சீட்டு விரிப்பதுபோல விரித்தார். ஆலோசகர் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"முதல்ல எடுத்ததே கடைசி முடிவு சார். அதுக்கு அப்புறம் ஏதாவது நடந்துச்சா?"

"ஒண்ணுமே நடக்கல. அதான் பிரச்சினை."

ஆலோசகருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை. "அப்போ நான் ஏழாவது எடுக்க மாட்டேன். இந்த கிட் வேற யாருக்காவது நிஜமாவே தேவைப்படும். ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாருக்காவது எச்ஐவி இருக்கா?"

"ஒருத்தர் இருந்தாரு. எங்க பட்டறை பெயிண்டர்."

"இருந்தாருன்னா?"

"ஆறு வருஷம் ஆச்சு. வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம்..."

"இறந்துட்டாரா?"

"தெரியல."

"தெரியாமலே கொன்னுட்டீங்களா?" என்றார் அவர். குரலில் கடுமை இல்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீங்க பயப்படறது கிருமிக்குன்னு எனக்குத் தோணல சார். முதல்ல அவரைப் போய்ப் பாருங்க. பார்த்துட்டும் பயம் விடலன்னா இங்க வாங்க. அதுக்குன்னே டாக்டர் இருக்காங்க, கூடவே நானும் வரேன்."

முத்திரை தெருவுக்கு வந்தார். வெயிலில் நின்றார். ஆறு வருடமாகத் தொடாமல் வைத்திருந்த ஒன்று நெஞ்சில் வந்து இடித்தது.

அந்தப் பெயிண்டரை எல்லோரும் 'கோடு' என்பார்கள். சிலிண்டரின் கழுத்தில் நிற வளையம் போடுவது அவர் வேலை. டேப் ஒட்டாமல், சிலிண்டரை ஒரு கையால் உருட்டிக்கொண்டே மறு கையால் தூரிகையைப் பிடிப்பார். வளையம் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும், நூல் பிசகாது. அவருக்கு எச்ஐவி என்று எப்படியோ வெளியே தெரிந்த அன்று மதியமே முதலாளி கணக்கை முடித்து அனுப்பினார். அனுப்பியது அநியாயம். யாரும் வாய் திறக்காதது அதைவிட அநியாயம். முத்திரை வாய் திறக்காததோடு நிற்கவில்லை. கோடு எப்போதும் தேநீர் குடிக்கும் டம்ளரை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போட்டார். பிறகு கையைச் சோப்புப் போட்டு, முழங்கை வரை, மூன்று முறை கழுவினார். டம்ளரால் பரவாது என்று அன்றைக்கே பள்ளிப் புத்தகத்தில்கூட எழுதியிருந்தது. படித்தவர்தான். படித்ததெல்லாம் அந்த ஐந்து நிமிடம் எங்கே போயிற்று?

பெயிண்ட் கடையில் விசாரித்தபோது இடம் உடனே கிடைத்தது. பஸ் டிப்போவுக்குப் பின்புறச் சந்து, கதவில்லாத ஒரு கூடம். உள்ளே ஒரு பாலர் பள்ளி வேனின் பக்கவாட்டில் யானை வரைந்துகொண்டிருந்த ஆள் திரும்பினார். செத்துப்போயிருக்க வேண்டியவர் முன்பைவிடக் கொஞ்சம் தொப்பை போட்டிருந்தார்.

"யாரு, முத்திரையா? வா வா. என்னடா, எழவு சொல்ல வந்தவன் மாதிரி நிக்கற?"

முத்திரை வேன் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வெளியூர் மாலை, ஆறு தாள், சோபா, பதினோரு சிலிண்டர். கோடு யானைக்குத் தந்தம் போடுவதை நிறுத்தவில்லை. ஆறு சோதனை என்றதும் மட்டும் தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆறா! டேய், எனக்கே மூணுதான்டா எடுத்தாங்க!"

சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு துணியில் கையைத் துடைத்தார்.

"மாத்திரை போட்டுக்கறேன், தினம் ஒண்ணு. ரத்தத்துல தேடினாலும் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைஞ்சு போச்சு. இப்படி இருந்தா கூட இருக்கறவளுக்குப் பரவாது. என் பொண்டாட்டிக்கு இல்ல. பொண்ணுக்கும் இல்ல, காலேஜுக்குப் போறா. இருக்கற நான் கட்டில்ல படுக்கறேன், இல்லாத நீ சோபாவுல. நல்லா இருக்குடா நியாயம்."

முத்திரையும் சிரித்தார். ஒன்பது மாதத்தில் முதல் தடவை.

"அந்த டம்ளர்" என்றார் கோடு, அதே குரலில். "நீதானே குப்பையில போட்ட?"

சிரிப்பு நின்றது. "ஆமா."

"நான் சாமான் எடுக்கத் திரும்பி வந்தேன். ஜன்னலுக்கு வெளிய நின்னுட்டு இருந்தேன். என் பொண்ணு ஸ்கூல் ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சு வாங்கின டம்ளர்டா அது. 'அப்பா, இதுல குடி'ன்னு குடுத்தா."

சந்தில் ஒரு பஸ் பின்னால் நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்தது.

"எனக்கு அப்படி யாராவது பண்ணிடுவாங்களோன்னுதான்..." என்று முத்திரை ஆரம்பித்தார். "மன்னிச்சிடுண்ணே."

"மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? செவுத்துல அடிக்கவா? போய் அந்த முதலாளி கிட்ட என் வேலையக் கேளு. அங்க இப்போ எவனோ டேப் ஒட்டி வளையம் போடறானாமே. ரோட்டுல போற சிலிண்டரைப் பார்க்கறேன், வயிறு எரியுது. பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கு." பிளாஸ்கைத் திறந்து தனக்கு ஊற்றி ஒரு மடக்குக் குடித்துவிட்டு, மிச்சத்தை அப்படியே நீட்டினார். "குடிக்கறியா, இல்ல பக்கத்துல குப்பைத் தொட்டி காட்டவா?"

முத்திரை குடித்தார். சர்க்கரை அதிகம். அவ்வளவுதான் அதில் இருந்த கெடுதல்.

அன்று மாலையே மனைவியிடம் எல்லாத் தாளையும் எடுத்து வைத்துச் சொன்னார். பயத்தையும் சொன்னார், தணிக்கை அம்மாள் சொன்னதையும் சொன்னார், டம்ளரையும் சொன்னார். மனைவி கத்தரிக்கோலை மேசையில் வைத்த வேகத்தில் ஊசிப் பெட்டி குதித்தது.

"அந்தப் பொம்பளை விஷயத்துக்குக்கூட எனக்கு இவ்ளோ கோபம் வரல. ஒரு மனுஷன் குடிச்ச டம்ளரையா? ச்சே!"

"ஆமா."

"என்ன ஆமா? அந்த ரிப்போர்ட்டை நம்பித்தானே நான் ரெண்டு பெட்டியோட வந்தேன்? நீங்க என்னடான்னா ஊர் ஊராப் போய், நான் நம்பினது சரியான்னு செக் பண்ணிட்டு இருந்திருக்கீங்க."

"உன்னைக் காப்பாத்தறேன்னு நினைச்சேன்."

"எதுல இருந்து?"

அவள் ஐந்து தாளை எடுத்துக் கிழித்தாள். முதல் தாளை அளவு நாடாவுக்கு அடியில் திரும்ப வைத்தாள்.

"முதுகுவலி எப்படி இருக்கு, மிஸ்டர் முத்திரை?"

"போயிடுச்சு."

"அப்போ தலகாணியத் தூக்கிட்டு உள்ள வாங்க. அக்காவுக்கு நாளைக்குச் சொல்லிக்கறேன், துணிய இங்க அனுப்பு, தைச்சுத் தரேன்னு."

முதலாளியிடம் பேசியது அத்தனை சுலபமாக இல்லை.

"அவன் இன்னும் இருக்கானா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"உங்களைவிட நல்லா இருக்காரு. சுகர்கூட இல்ல."

"மத்தவங்க என்ன சொல்லுவாங்க?"

"அந்த மத்தவங்கள்ல நான் ஒருத்தன் முதலாளி. அன்னைக்கு நான் சொல்லல. இப்போ சொல்றேன். அவரை அனுப்பினது தப்பு. சட்டப்படியும் தப்பு. வேணும்னா அந்த மேடம் அடுத்த தடவை வரும்போது, பதிவேட்டுல ஒரு கட்டம் போட்டு, காரணம் என்னன்னு நீங்களே எழுதுங்க."

முதலாளி நியாயத்துக்கு இறங்கினாரா, வளையம் கோணல் என்று இரண்டு ஆஸ்பத்திரிகள் எழுதிய கடிதத்துக்கு இறங்கினாரா என்று சொல்ல முடியாது. முதலாளிகள் எதற்கு இறங்கினாலும் இறங்கும்வரை நின்று கேட்க ஓர் ஆள் வேண்டும். ஆறு வருடம் முன்பு அந்த ஆள் இல்லை. கோடு திரும்பி வந்தார். முதல் நாள் பம்ப் ஓட்டுகிறவர் அவருக்காகக் காகிதக் குவளை வாங்கி வந்திருந்தார். முத்திரை அந்தக் குவளைகளில் ஆணிகளைக் கொட்டி வைத்தார். இப்போது எல்லோரும் ஒரே டம்ளர் வரிசையில்தான் எடுக்கிறார்கள். பம்ப்காரர் இன்னும் தன் டம்ளரை ஒருமுறை கூடுதலாகக் கழுவுகிறார். கழுவட்டும், டம்ளர் சுத்தமாகிறது.

பயம் போய்விட்டதா? ஆலோசகரிடம் இரண்டு தடவை போய் வந்தார், அவர் சொன்ன டாக்டரையும் பார்த்தார். அந்த டாக்டர் உபதேசம் செய்யவில்லை, தூக்கம் எப்படி என்று கேட்டார். சில நாள் கை கழுத்துக்குப் போகத்தான் செய்கிறது. மனைவி தையலிலிருந்து தலை நிமிராமலே, "முதல் வரி நிற்கும்" என்பாள். கை இறங்கும். இறங்காத நாளும் உண்டு. அன்றைக்கு எழுந்துபோய்க் காய்கறி நறுக்குவார்.

சோபா போன மாதம் வீட்டை விட்டுப் போனது. அந்த இடத்தில் மனைவிக்கு வெட்டு மேசை போட வேண்டியிருந்தது. கோடு இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கும் சந்துக் கூடத்தில் வாடிக்கையாளர்கள் உட்கார ஏதாவது வேண்டியிருந்தது. சிலிண்டர் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் இருவருமாக இறக்கினார்கள். கோடு அதில் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தார். நடுவில் கம்பி இடித்தது. புரண்டார், இன்னொரு கம்பி. எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒன்பது மாசம் இதுலயாடா படுத்த?"

"ஆமா."

"அப்போ நீ பொண்டாட்டிகிட்ட பொய்யே சொல்லலடா. முதுகுவலி நிஜமாத்தான் இருந்திருக்கும்."